ஹாபீஸ்: ரீடிங் புக்ஸ், லிஸனிங் டு மியூசிக்...

"மாமா, ஒரே ஒரு டவுட்!"

ஞாயிற்றுக்கிழமை காலை. எண்ணெய் தேய்த்துக் குளிக்கலாமா, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாமா என்று நான் தீவிரமாக யோசித்துக்கொண்டிருந்த வேளையில், லேப்டாப்பும் கையுமாக வந்து நின்றான் அக்கா பையன். பி.காம். முடித்து நாற்பது நாள்தான் ஆகிறது. சாதாரணமாக என்னைத் தேடி வந்தால் பைக் சாவி கேட்பான். அன்றைக்கு அவன் கேட்டது வேறு.

"ரெஸ்யூம்ல ஹாபீஸ் போடணுமா, வேண்டாமா? யூ டியூப்ல ஒருத்தர், போட்டாதான் கூட்டத்துல தனியா தெரிவேங்கறார். இன்னொருத்தர், போட்டா நேரா குப்பைத் தொட்டிதாங்கறார். ரெண்டு பேருக்கும் லட்சக்கணக்குல வியூஸ் மாமா!"

கூடவே வந்திருந்த அக்கா, சமையலறையிலிருந்தே தீர்ப்பைச் சொல்லிவிட்டாள். "அவனுக்கென்ன ஹாபி? செல்போனை நோண்டறது. அதைப் போடச் சொல்லு!"

லேப்டாப்பை வாங்கிப் பார்த்தேன். ஒரே பக்கம். பெயர், படிப்பு, டேலி, எக்ஸெல், ஜி.எஸ்.டி. சர்டிபிகேட் கோர்ஸ்... எல்லாம் லட்சணமாகத்தான் இருந்தது. கடைசியில் 'ஹாபீஸ்' என்று தலைப்பு மட்டும் இருக்க, பக்கத்தில் கர்ஸர் துடித்துக்கொண்டிருந்தது.

அந்த ஒரு வரியைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல உறையூரில் என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. 2009-ல் அந்த வரியால்தான் எனக்கு ஒரு வேலை போயிற்று. இருந்த வேலை இல்லை, வர இருந்த வேலை!

அப்போது நானும் புத்தம்புது பி.காம். ரெஸ்யூம் என்கிற பேரெல்லாம் எங்கள் தெருவுக்கு இன்னும் வந்து சேரவில்லை, பயோடேட்டாதான். சத்திரம் பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஒரு ஜெராக்ஸ் கடை. அதன் மாடிப்படிக்குக் கீழே ஒரு கம்ப்யூட்டரை வைத்து டைப் அடித்துக் கொடுப்பார்கள். அந்தக் கம்ப்யூட்டரில் மொத்தமே ஒரே ஒரு பயோடேட்டாதான் இருந்தது என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. எந்தப் புண்ணியவானுடையதோ! பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, மார்க் இவற்றை மட்டும் மாற்றி மாற்றி ஊருக்கே அதைப் பிரிண்ட் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார் அந்தக் கடை அக்கா. ஆக, சத்திரம் சுற்றுவட்டாரத்தில் பட்டம் வாங்கிய அத்தனை பேருக்கும் ஒரே லட்சியம், ஒரே பலம், ஒரே பலவீனம், ஒரே பொழுதுபோக்கு.

"ஹாபி அப்படியே விட்டுடவா தம்பி? ரீடிங் புக்ஸ், லிஸனிங் டு மியூசிக், ப்ளேயிங் கிரிக்கெட்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எனக்கு முன்னால் வரிசையில் நின்ற மூன்று பேருக்கும் அதையேதான் அடித்துக் கொடுத்திருந்தார். கீழே கிடந்த ஒரு வேஸ்ட் பேப்பர் கண்ணில் பட்டது. யாரோ ஒருத்தரின் பயோடேட்டா. மை சரியாகப் பிடிக்காததால் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். அதில் ஹாபி என்ற இடத்தில் ஒரே ஒரு வார்த்தை. ஃபிலாட்டலி!

"இது என்னக்கா?"

"தெரியலை தம்பி. நேத்து கண்ணாடி போட்ட ஒரு பையன் வந்து எழுதிக் கொடுத்தான்."

பார்க்கவே கம்பீரமாக இருந்தது. "அதையே போடுங்க" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து லிப்கோ டிக்ஷனரியைப் பிரித்த பிறகுதான் தபால்தலை சேகரிப்பு என்று தெரிந்தது. அட, நிம்மதி! ஆறாவது படிக்கும்போது ஒரு பழைய கணக்கு நோட்டில் பதினாலு ஸ்டாம்ப் ஒட்டி வைத்திருந்தேன். (அதில் ஒன்பது காந்தி.) ஆகவே முழுப் பொய் இல்லை, முக்கால் பொய்தான் என்று மனச்சாட்சியைச் சமாதானப்படுத்தினேன்.

இன்டர்வியூ சென்னையில். ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி. அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் வேலை. எதிரே மூன்று பேர். இரண்டு பேர் மாற்றி மாற்றிக் கேட்டார்கள். தேய்மானம், பேங்க் ரீகன்ஸிலியேஷன், டெபிட் எது, கிரெடிட் எது... மடமடவென்று சொன்னேன். இருவர் முகத்திலும் திருப்தி. "எப்ப ஜாயின் பண்ண முடியும்?" என்றுகூட ஒருவர் கேட்டுவிட்டார். என் மனசு அதற்குள் திருவல்லிக்கேணியில் மேன்ஷன் பார்க்கக் கிளம்பிவிட்டது.

அதுவரை வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்த மூன்றாமவர் - தலை பூரா நரைத்த பெரியவர் - என் பயோடேட்டாவைத் தற்செயலாகத் திருப்பினார். கடைசி வரியைப் பார்த்ததும் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்! பேரனைப் பார்த்த தாத்தாவுக்குக்கூட அவ்வளவு சந்தோஷம் வராது.

"ஃபிலாட்டலிஸ்ட்டா நீங்க! பேஷ்! இந்தக் காலத்துப் பசங்கள்ல பார்க்கறதே அபூர்வம். சிந்த் டாக் பத்திப் படிச்சிருக்கீங்களா?"

"சிந்து... டாக்டரா சார்?"

பெரியவர் அதைத் தமாஷ் என்று எடுத்துக்கொண்டார். 1852-ல் சிந்து மாகாணத்தில் வெளியானதுதான் சிந்த் டாக் என்றும், ஆசியாவிலேயே முதன்முதலாக வந்த ஒட்டும் தபால்தலை அதுதான் என்றும் அவரே ஆசையாகச் சொன்னார். நான் தெரிந்த மாதிரி தலையாட்டினேன். வினை அத்தோடு விடவில்லை.

"சரி, இது ஈஸி. சுதந்திர இந்தியாவோட முதல் ஸ்டாம்ப்ல என்ன படம்?"

"காந்தி சார்!" என்றேன், படு தைரியமாக. என் நோட்டில் பதினாலுக்கு ஒன்பது அவர்தானே!

தேசியக் கொடி என்பது சரியான விடை. 1947 நவம்பர் 21-ல் வந்தது, விலை மூன்றரை அணா, வெளிநாட்டுக் கடிதங்களுக்கானது. காந்தி தபால்தலைகள் அதற்கப்புறம், 1948 ஆகஸ்ட் 15-ல்தான் வந்தன. இதெல்லாம் இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என்ன பிரயோஜனம்?

பெரியவரின் முகத்தில் பிரகாசம் பாதியாகக் குறைந்திருந்தது. கடைசி வாய்ப்பாக ஒன்று கேட்டார். "ஸ்டாம்பை ஆல்பத்துல எப்படி வெக்கிறீங்க? ஹிஞ்ச் உபயோகிப்பீங்களா?"

ஹிஞ்ச்! அப்பாடா, ஒரு வார்த்தையாவது தெரிந்த வார்த்தை.

"அது கதவுல போடறது சார்."

மற்ற இருவரும் சிரித்துவிட்டார்கள். பெரியவர் சிரிக்கவில்லை. (தபால்தலையின் முதுகில் ஒட்டி ஆல்பத்தில் பொருத்துகிற சின்னக் காகிதத் துண்டுக்கும் ஹிஞ்ச் என்றுதான் பேர்.) பயோடேட்டாவின் அடிப்பகுதியை விரலால் தொட்டுக் காண்பித்தார். 'மேற்கண்ட விவரங்கள் யாவும் நான் அறிந்தவரை உண்மை என உறுதி கூறுகிறேன்' என்று இங்கிலீஷில் ஒரு வரி, அதற்குக் கீழே என் கையெழுத்து.

"தம்பி, ஸ்டாம்ப் பத்தித் தெரியலைங்கறது ஒரு தப்பே இல்லை. யாரும் கேக்காத ஒரு விஷயத்துல, ஒரு லாபமும் இல்லாத இடத்துல, நீங்களா ஒரு பொய் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. நாளைக்கு எங்க வவுச்சர்ல நீங்க கையெழுத்துப் போட்டா நாங்க எப்படி நம்பறது?"

வேலை போனதுகூடப் பெரிதில்லை. எழும்பூரில் ராத்திரி ரயில் ஏறி விடிகாலை திருச்சி வந்து இறங்கினால், ஜங்ஷனில் அப்பா நிற்கிறார், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு. "எப்படிடா பண்ணினே?" என்றார். "எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னேம்ப்பா" என்றேன். ஒரு வாரத்துக்குள் அது என்னுடைய இரண்டாவது பொய். அப்பா அடுத்த ஒரு மாசம் போஸ்ட்மேனை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தக் கதையை அன்றைக்குத்தான் முதல்முறையாக வீட்டில் சொன்னேன். அக்கா கரண்டியோடு வந்து நின்று கேட்டுவிட்டு, "அடப்பாவி! அப்பா கடைசி வரைக்கும் சிபாரிசு இல்லாததால போச்சுன்னுதானேடா நினைச்சுட்டிருந்தார்!" என்றாள். பையன் மட்டும் காரியத்தில் கண்ணாக இருந்தான். "அப்ப போட வேணாம்ங்கறீங்களா மாமா?"

அவசரப்படாதே என்றேன். அதற்குள் பக்கத்து வீட்டு சார் வந்துவிட்டார்.

இவர் ஒரு பெரிய தொழிற்சாலையில் பர்ஸனல் மேனேஜராக இருந்து ரிடையரானவர். தன் காலத்தில் ஆயிரக்கணக்கான அப்ளிகேஷன்களைப் பார்த்தவர். விஷயத்தைச் சொன்னதும் கையை உதறினார். "ஹாபியாவது கோபியாவது! வேலைக்கு வர்றவனுக்கு வேலைதான்யா ஹாபி. எவனாவது நல்லா கிரிக்கெட் ஆடுவேன்னு எழுதினா, மேட்ச் அன்னிக்கு லீவு போடுவான்னு குறிச்சுக்குவேன். பாடுவேன்னு எழுதினா, ஆபீஸ் நேரத்துல பாடுவான்." அவருடைய நிலைமையையும் சொல்ல வேண்டும். பல வருஷம் ஹாபி இல்லாமல் உழைத்துவிட்டு, இப்போது ஒரே பேப்பரை மூன்று தடவை படித்த பிறகும் பகல் பதினொன்றுக்கு மேல் என்ன செய்வது என்று தெரியாமல் எங்கள் வீட்டுக்கு வருகிறார்.

யோசித்துப் பார்த்தால் நம் ஊரில் பயோடேட்டா என்பதே ஜாதகத்துக்குத் தம்பி முறை. அப்பா பெயர், பிறந்த தேதி, கல்யாணம் ஆனவனா ஆகாதவனா என்று வேலைக்குச் சம்பந்தமில்லாத அத்தனையும் அதில் இருக்கும். அந்த வரிசையில்தான் ஹாபியும் வந்து உட்கார்ந்தது. பெண் பார்க்கப் போகிறவர்கள், "பாடத் தெரியுமாம்மா?" என்று கேட்பதில்லையா, அந்த மாதிரி. கல்யாணத்துக்கப்புறம் யாராவது பாடச் சொல்கிறார்களா என்ன? ("நான்கூட வீணை வாசிப்பேன்னு உங்கம்மாகிட்ட சொன்னேன்" என்கிறாள் என் வீட்டுக்காரி. எனக்கு இது செய்தி.)

வெளிநாட்டிலும் ரொம்பப் பழைய சமாசாரம்தான் இது. லியனார்டோ டா வின்சி 1482 வாக்கில் மிலான் நகரத்து ஆட்சியாளர் லுடோவிகோ ஸ்ஃபோர்ஸாவுக்கு வேலை கேட்டு ஒரு கடிதம் எழுதினார். உலகத்தின் முதல் பயோடேட்டா என்று பலர் அதைத்தான் சொல்கிறார்கள். என்னென்ன எழுதியிருக்கிறார் தெரியுமா? பாலம் கட்டுவேன், கோட்டையை உடைப்பேன், பீரங்கி செய்வேன், கவச வண்டி செய்வேன் என்று அடுக்கிக்கொண்டே போய், அப்புறம் சமாதான காலத்தில் கட்டடம் கட்டுவேன் என்று சொல்லிவிட்டு, கடைசியில்தான் படமும் வரைவேன் என்கிறார்! மோனா லிஸா வரைந்த ஆசாமி, ஓவியத்தை ஹாபி மாதிரி வாலில் வைத்திருக்கிறார். மிலானுக்கு அப்போது வேண்டியிருந்தது பீரங்கி. படிக்கப் போகிறவருக்கு என்ன வேண்டும் என்று பார்த்து எழுதியிருக்கிறார் மனுஷர்.

இன்றைக்குப் படிக்கப் போகிறவர் யார்? முதல் ரவுண்டில் பல கம்பெனிகளில் மனுஷரே இல்லை. சாஃப்ட்வேர்தான் வடிகட்டுகிறது. 'டேலி' இருக்கிறதா, 'ஜி.எஸ்.டி.' இருக்கிறதா என்று வார்த்தையைத் தேடும். உங்களுக்கு நீச்சல் தெரியுமா என்பதில் அதற்கு அக்கறை கிடையாது. அப்புறம் வருகிற மனுஷரும் அவசரக்காரர். அமெரிக்காவில் 'தி லேடர்ஸ்' என்கிற வேலைவாய்ப்பு நிறுவனம் ரெக்ரூட்டர்களின் கண் எங்கெங்கே போகிறது என்று கருவி வைத்துப் பார்த்தது. ஒரு ரெஸ்யூமுக்கு முதல் பார்வையில் அவர்கள் செலவழித்த நேரம் 2012-ல் 6 விநாடி. மறுபடி 2018-ல் பார்த்தபோது 7.4 விநாடி. அந்த ஏழு விநாடிக்குள் ஹாபி வரை யார் வரப் போகிறார்கள்? ஆகவே அந்த வரியால் கதவு திறக்கும் என்று நினைக்க வேண்டாம். கதவு திறந்து, உள்ளே போய் உட்கார்ந்து, தண்ணீர் டம்ளரைக் கையில் எடுக்கிறோமே, அப்போதுதான் அதற்கு வேலை.

இதில் ஒரு விலக்கு உண்டு. சிவில் சர்வீஸ் எழுதுகிறவர்கள் யூ.பி.எஸ்.சி.க்குக் கொடுக்கிற விரிவான விண்ணப்பத்தில் ஹாபிக்கென்றே இடம் இருக்கிறது. மெயின் தேர்வுக்கு 1,750 மார்க், இன்டர்வியூவுக்கு 275. அந்த 275-ல் ஹாபியைப் பிடித்துக்கொண்டு குடைந்து எடுத்துவிடுவார்கள். ராணுவ அதிகாரி வேலைக்கான எஸ்.எஸ்.பி. தேர்விலும் படிவத்தில் விளையாட்டு, ஹாபி எல்லாம் உண்டு. அங்கேயெல்லாம் போடலாமா கூடாதா என்ற பேச்சே இல்லை. எதைப் போடுவது என்பதுதான் பேச்சு.

நானே நாற்காலி மாறி உட்கார்ந்த கதையும் ஒன்று உண்டு. எப்படியோ ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து, 2014 ஆரம்பத்தில் அப்ளிகேஷன் பிரிக்கிற வேலையையும் என் தலையில் கட்டினார்கள். அதற்குச் சில மாதம் முன்னால், 2013 நவம்பரில், சென்னையில் ஆனந்த் - கார்ல்சன் உலக செஸ் போட்டி நடந்து முடிந்திருந்தது. எங்களுக்கு வந்த கட்டில் எதை எடுத்தாலும் செஸ், செஸ், செஸ்! எங்கள் மேனேஜர் நிஜமாகவே செஸ் ஆடுகிறவர். உள்ளே வந்த பையனிடம், "ராஜாவுக்கு செக் வெச்சிருக்கும்போது காஸ்லிங் பண்ணலாமா?" என்றார். செக்கில் இருக்கும்போது கூடவே கூடாது என்பது விதி. பையன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவசரத்துக்குப் பண்ணலாம் சார்" என்றான். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. வயிற்றைப் பிசைந்தது.

அதே கட்டில் இன்னொருத்தன். ஸ்டோர்ஸ் கிளார்க் வேலைக்கு வந்தவன். ஹாபி: குக்கிங். மேனேஜர் உதட்டைப் பிதுக்கிவிட்டு, "என்ன சமைப்பே?" என்று விளையாட்டாகத்தான் கேட்டார். "தனியா எனக்குன்னு சமைச்சதில்லை சார். ஹாஸ்டல்ல நூத்திப் பத்துப் பேருக்கு மெஸ் பார்த்துக்கிட்டேன்" என்று ஆரம்பித்தான் பாருங்கள்! வெள்ளிக்கிழமை சாயந்திரம் பாதிப் பேர் ஊருக்குப் போய்விடுவார்கள்; சனிக்கிழமை சாம்பார் வாளி வாளியாக வீணாகும். இவன் வியாழக்கிழமையே ரூம் ரூமாகப் போய்த் தலை எண்ணி, அதற்குத் தகுந்தாற்போல் அரிசி, பருப்பு எடுத்துக் கொடுத்திருக்கிறான். மாசக் கடைசியில் பில் எவ்வளவு குறைந்தது என்று ரூபாய், பைசாவோடு சொன்னான். மேனேஜர் அதற்கப்புறம் வேறு கேள்வியே கேட்கவில்லை. ஹாபியைப் போட்டு வேலை வாங்கினவன் என்று என் கண்ணால் பார்த்தது அவனைத்தான். அதை 'குக்கிங்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டானே, அசடு! மேனேஜர் விளையாட்டாகக் கேட்டிராவிட்டால் அந்தக் காகிதமும் கட்டோடு கட்டாகப் போயிருக்கும்.

இதுவரை தமாஷ். இனிமேல் சொல்லப் போவதில் தமாஷ் கொஞ்சம் குறைவு.

நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகப் பேராசிரியை லாரன் ரிவேரா என்பவர், ஆண்ட்ராஷ் டில்சிக் என்கிற இன்னொரு ஆராய்ச்சியாளருடன் சேர்ந்து 2016-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார். அமெரிக்காவில் 14 நகரங்களில் 316 வக்கீல் கம்பெனி அலுவலகங்களுக்குக் கற்பனையான ரெஸ்யூம்களை அனுப்பினார்கள். படிப்பு ஒன்று, மார்க் ஒன்று, அனுபவம் ஒன்று. பொழுதுபோக்கு மாதிரியான சில்லறை விவரங்களை மட்டும் மாற்றினார்கள். ஒரு ரகத்தில் பாய்மரப் படகு, போலோ, கிளாஸிகல் இசை; இன்னொரு ரகத்தில் ஓட்டப் பந்தயம், தெருக் கால்பந்து, கன்ட்ரி மியூசிக். பாய்மரப் படகுக்கார ஆணுக்கு நூற்றுக்குப் பதினாறு இடத்தில் இன்டர்வியூ அழைப்பு வந்தது. மற்றவர்களை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் அதில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. அதே பாய்மரப் படகைப் பெண் ஓட்டினால் அதுவும் எடுபடவில்லை! ஆக, ஹாபி என்கிற வரி உங்கள் ரசனையை மட்டும் சொல்வதில்லை. உங்கள் அப்பாவின் பர்ஸ் எவ்வளவு கனம் என்பதையும் பக்கத்து மேஜைக்குக் கேட்கிற மாதிரி சொல்லிவிடுகிறது.

நம் ஊரில் அது பர்ஸோடு நிற்பதில்லை.

என்னோடு பி.காம். படித்த நண்பன் ஒருவன். அவன் அப்பா, சித்தப்பா எல்லாரும் பறை அடிக்கிறவர்கள். அவனும் அடிப்பான். சும்மா இல்லை, அவன் கல்லூரி மரத்தடியில் டெஸ்க்கில் தாளம் போட்டாலே கேன்டீனில் இருந்து ஆட்கள் எழுந்து வருவார்கள். அதே மாடிப்படிக் கடையில் எனக்கு அடுத்தாற்போல் அவன்தான் நின்றான். "ஹாபி அப்படியே இருக்கட்டும்க்கா" என்று சொல்லிவிட்டான். லிஸனிங் டு மியூசிக்!

வெளியே வந்து கேட்டேன். "வாசிக்கிறவன் எதுக்குடா கேக்கறேன்னு போடறே?"

"அதைப் போட்டா அடுத்த கேள்வி என்ன வரும்னு உனக்குத் தெரியாது மச்சான்" என்றான். எனக்கு அப்போது நிஜமாகவே தெரியவில்லை.

இப்போது அவன் சென்னையில் நல்ல உத்தியோகத்தில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் இளைஞர்களுக்குப் பறை சொல்லிக் கொடுக்கிறான். ஐ.டி. கம்பெனிக்காரர்கள், காலேஜ் பெண்கள் எல்லாம் வருகிறார்களாம். 2025-ல் பறை இசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்த அன்றைக்கு அவனுக்குப் போன் செய்து, "இப்பவாவது ரெஸ்யூம்ல போடுவியாடா?" என்றேன்.

ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "எங்கிட்ட கத்துக்கிற பசங்க நாலு பேரு போட்டிருக்காங்க. நல்லா இருக்கு பார்க்க. ஆனா மச்சான், அவங்க எழுதினா அது ஹாபி. நான் எழுதினா அட்ரஸ்" என்றான்.

போடு என்றோ போடாதே என்றோ அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பக்கத்து வீட்டு சாரிடம் இதைச் சொன்னபோது அவரும் அன்றைக்கு எதுவும் பேசாமல் பேப்பரை மடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அவர் பார்த்த ஆயிரக்கணக்கான அப்ளிகேஷன்களில் எத்தனை 'லிஸனிங் டு மியூசிக்' இருந்ததோ.

சரி, அக்கா பையன் விஷயத்துக்கு வருகிறேன். அவன் என்னைச் சும்மா விட்டால்தானே!

"உனக்கு நிஜமா என்னடா பிடிக்கும்? போனை விட்டுட்டுச் சொல்லு."

தலையைச் சொறிந்தான். அம்மா இருக்கிற திசையை ஒரு தடவை பார்த்தான். அப்புறம் குரலைத் தணித்து, "பஸ்ஸு மாமா" என்றான்.

"பஸ்ஸா?"

பையிலிருந்து ஒரு லாங் சைஸ் நோட்டை எடுத்தான். ஏழாவது படிக்கும்போது ஆரம்பித்ததாம். எந்த ஊருக்கு எந்த டெப்போ பஸ், எந்த வழி, எத்தனை மணிக்கு, எங்கே எவ்வளவு நேரம் நிற்கும், எந்தப் பண்டிகைக்கு என்ன மாறும்... பத்தி பத்தியாக, கட்டம் போட்டு, பேலன்ஸ் ஷீட் மாதிரி சுத்தமாக எழுதி வைத்திருந்தான். 2025-ல் பஞ்சப்பூரில் புது பஸ் முனையம் திறந்ததும் பழைய நோட்டு செல்லாமல் போய், இது இரண்டாவது நோட்டாம்! ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் ஆடப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அங்கேதான் போய் நின்று எழுதிக்கொண்டு வந்திருக்கிறான். நம்பர் பிளேட்டில் எண்ணுக்கப்புறம் 'என்' எழுத்து வந்தால் அரசு பஸ், டி.என். 45 என்றால் திருச்சி, 57 திண்டுக்கல், 68 கும்பகோணம் என்று ஆரம்பித்தவன் இருபது நிமிஷம் மூச்சு விடவில்லை. என் வீட்டுக்காரி காபி கொண்டுவந்து வைத்து, அது ஆறி, ஏடு கட்டிவிட்டது. நான் நடுநடுவே மடக்கி மடக்கிக் கேட்டேன், அந்தப் பெரியவர் என்னைக் கேட்ட மாதிரி. ஒன்றில்கூடச் சறுக்கவில்லை பயல்.

"எந்த வேலைக்குடா அப்ளை பண்றே?"

"லாரி சர்வீஸ் மாமா. பார்சல் கம்பெனி. பில்லிங் செக்ஷன்."

"அடேய்! இதை எழுதாம வேற எதைடா எழுதப் போறே?"

"சிரிப்பாங்க மாமா."

"சிரிக்கட்டுமே. உன் அம்மா சிரிக்கலியா?" அக்கா வாசல்படியில் நின்றுகொண்டு நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கிரிக்கெட்டுன்னு சொல்லிட்டுப் போவியே..." என்றாளே தவிர, அவள் முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

இருவருமாக உட்கார்ந்து அரை மணி நேரம் மல்லாடினோம். 'பஸ் பிடிக்கும்' என்றால் குழந்தைத்தனம். 'டிராவலிங்' என்றால் பொய். அவன் பஸ்ஸைப் பார்ப்பானே தவிர அதிகம் போனதில்லை. கடைசியில், 'திருச்சியிலிருந்து செல்லும் பஸ் தடங்கள், நேரங்களை ஏழாம் வகுப்பு முதல் பதிவு செய்து வருகிறேன்' என்று இங்கிலீஷில் ஒரே வரி. பத்து வருஷம் கழித்து அனுபவம் சேர்ந்து இடம் போதாமல் போனால் முதலில் தூக்க வேண்டியதும் இதே வரிதான் என்று சொல்லி வைத்தேன். என் சொந்த ரெஸ்யூமில் இப்போது ஹாபி கிடையாது. கணக்கு எழுதுகிறேன், கட்டுரை எழுதுகிறேன். இதில் எது வேலை, எது ஹாபி என்று இன்கம்டாக்ஸ்காரர்கள் கேட்டால்கூட என்னால் சொல்ல முடியாது.

வியாழக்கிழமை இன்டர்வியூ. மத்தியானம் மூன்று மணிக்குத் தொங்கின முகத்தோடு வந்தான்.

"கேக்கவே இல்லை மாமா! ராத்திரி பூரா நோட்டை வெச்சுப் படிச்சேன். டேலியில நாலு கேள்வி, இ-வே பில்லுல ரெண்டு. முடிஞ்சுது. சொல்லி அனுப்பறோம்னுட்டாங்க."

"போகட்டும் விடு. வேற ஒண்ணுமே பேசலியா?"

"வெளியில வர்றப்ப அந்த ஹெச்.ஆர். மேடம் பின்னாடியே வந்தாங்க. 'தம்பி, சனிக்கிழமை சாயந்திரம் தேவகோட்டைக்கு நேரா பஸ் இருக்கா?'ன்னாங்க."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "சொன்னியா?"

"மூணு சொன்னேன் மாமா. நேர் பஸ் ரெண்டு. இன்னொண்ணு காரைக்குடியில இறங்கி மாறணும். ஆனா அதுலதான் உக்கார இடம் கிடைக்கும்."